அதிகாரி என்னும் சொல்

வேதாந்த நூல் ஒன்றுக்கு உரை எழுதத் தொடங்கும் ஆசிரியர், நூலுக்குள் நுழையுமுன் நான்கு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்பது பழைய மரபு: நூல் எதைப் பற்றியது, அதனால் விளையும் பயன் என்ன, நூலுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு எத்தகையது, அதைக் கற்கத் தகுந்தவர் யார் என்பவை அவை. இவற்றுள் கற்கத் தகுந்தவரை 'அதிகாரி' என்று அந்த நூல்கள் அழைக்கின்றன. அவருக்குரிய தகுதியே 'அதிகாரம்'. இன்றைய தமிழில் அதிகாரி என்றால் கோப்பை வைத்திருப்பவர். கோப்பைப் பார்க்க வந்தவர் மனுதாரர். அறிவைப் பெறத் தகுந்தவரைக் குறித்த ஒரு சொல் அறிவைத் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்பவரைக் குறிக்கும் சொல்லாக இடம் மாறியிருப்பது மொழியியலாருக்கு இயல்பான செய்தியாக இருக்கலாம். ஆனால் இந்திய மாநிலங்கள் 1997 முதல் இயற்றிய தகவல் உரிமைச் சட்டங்களையும் அவற்றின் முடிவில் வந்த 2005ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்தையும் மெய்யியல் நோக்கில் வாசிக்க முற்படுவோருக்கு இந்த இடமாற்றமே நல்ல நுழைவாயில். அச்சட்டங்கள் எழுப்பும் அடிப்படைக் கேள்வி நிருவாகத்தைச் சேர்ந்தது போலத் தோன்றினாலும், அது சமய மரபுகள் நெடுங்காலம் வாதித்த கேள்விதான்: அறிவதற்கு உரியவர் யார், அந்த உரிமை எதனால் வருகிறது?

சமயங்கள் இக்கேள்விக்குத் தந்த விடையை வெறும் பதுக்கல் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. வேதக் கிரியைகளை ஆராயும் பூர்வமீமாம்சையில் ஜைமினியின் சூத்திர நூலின் ஆறாம் அத்தியாயம் முழுவதும் எந்தக் கிரியையைச் செய்ய யாருக்கு உரிமை உண்டு என்ற ஆராய்ச்சிக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சைவ சித்தாந்தம் இதையே பக்குவம் என்ற சொல்லால் பேசுகிறது. திருவருள் உயிரில் பதிகின்ற சத்திநிபாதத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற உபதேசமே பயன்தரும் என்கிறது. நோயாளியின் உடல்நிலை பாராமல் கொடுத்த மருந்து நஞ்சாகலாம் என்பது போன்ற ஒரு கவலை இதன் பின்னால் இருக்கிறது. மறைத்தல் இங்கே கேட்பவரின் நலனுக்காகச் செய்யப்படுகிறது என்பதே அம்மரபுகளின் வாதம். தமிழில் வேதத்துக்கு 'மறை' என்ற பெயர் நிலைத்தது இந்த மனநிலையோடு பொருந்தியே வருகிறது.

ஆனால் தகுதி என்ற இந்தக் கருத்து பிறப்போடு முடிச்சுப் போடப்பட்ட இடத்தில் அதன் முகம் மாறுகிறது. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் உள்ள அபசூத்ராதிகரணம் என்னும் பகுதி, நான்காம் வருணத்தாருக்கு வேதம் ஓதும் உரிமை இல்லை என்று நிறுவுகிறது. சங்கரரும் இராமாநுசரும் வேறு பலவற்றில் முரண்பட்டாலும் இதில் முரண்படவில்லை. அதே இராமாநுசர்தான் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, வெளியிடுவதில்லை என்று கொடுத்த வாக்கையும் மீறிக் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னவர் என்று வைணவ மரபு கொண்டாடுகிறது. மணவாள மாமுனிகள் தமது உபதேச ரத்தினமாலையில், முன்னோர் ஒருவர்பின் ஒருவராக மட்டும் கைமாற்றி வந்ததை மாற்றி, விருப்பம் உடைய எல்லோருக்கும் உரியதாக ஆக்கியவர் என்றே அவரை அடையாளம் காட்டுகிறார். பிரம்ம சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய இராமாநுசரும் கோபுரத்தில் ஏறிய இராமாநுசரும் ஒருவர்தானா என்று கேட்பவர்கள் உண்டு. கதையின் வரலாற்று உண்மை எப்படியிருப்பினும், அதில் பிறப்பு என்ற தகுதி விலகி விருப்பம் என்ற தகுதி வந்து அமர்கிறது என்பது கவனிக்கத்தக்கது. தகுதி எளிதாகிறது, ஆயினும் தகுதி வேண்டும் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது.

அரசின் ரகசியமும் இதே சொல்வளத்தில் பிறந்ததுதான். மந்திரம் என்ற வடசொல்லுக்கு ஓதப்படும் மறைமொழி என்ற பொருளோடு அரசன் அவையில் செய்யும் ஆலோசனை என்ற பொருளும் உண்டு. மந்திரி என்பவர் அந்த ஆலோசனைக்கு உரியவர். ஆலோசனை கிளிகளாலும் மைனாக்களாலும் வெளியானதாகக் கேள்விப்படுகிறோம் என்று எச்சரித்து, பறவைகள்கூடப் பார்க்க முடியாத இடத்தில் அது நடக்க வேண்டும் என்கிறது கௌடலியரின் அர்த்தசாஸ்திரம். இன்றும் மாநில அமைச்சர் ஒருவர் பதவியேற்கும்போது அரசமைப்பின் மூன்றாம் அட்டவணைப்படி இரண்டு உறுதிமொழிகள் எடுக்கிறார். ஒன்று பதவிக்கானது, மற்றது ரகசியக் காப்புக்கானது. எதிர்த்திசையில் திருக்குறளைப் பார்த்தால், ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்து எல்லோரிடத்தும் நிகழ்வதை நாள்தோறும் அறிவது அரசன் தொழில் என்று சொல்லும் வள்ளுவர், குடிகள் அரசனை அறிவது பற்றித் தனி அதிகாரம் வைக்கவில்லை. காண்பதற்கு எளியவனாக அரசன் இருக்க வேண்டும் என்று இறைமாட்சியில் சொல்வது உண்டு. ஆனால் காண எளிமை அவன் பண்பு. கண்டறிவது குடியின் உரிமை என்ற நிலைக்கு அக்காலத்து அரசியல் சிந்தனை வரவில்லை. மனுநீதிச் சோழன் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியும் தீங்கு நேர்ந்தபின் இழுப்பதற்கானதே. தீங்கு எது, எந்த விதி மீறப்பட்டது என்று தெரிந்தவருக்கே மணியின் கயிறு பயன்படும்.

விதியே தெரியாத நிலையில் ஒருவர் தண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் 1951இல் மிகத் தெளிவாக வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் அரசர் உரிய வயதை எட்டாதவராக இருந்ததால் ஆட்சி அமைச்சர் குழுவின் கையில் இருந்தது. அக்குழு 1923 டிசம்பர் 11 அன்று ஒரு தீர்மானத்தின் மூலம் ஜெய்ப்பூர் அபின் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் அரசிதழில் வெளியாகவில்லை. வேறெந்த வகையிலும் மக்களுக்கு அறிவிக்கப்படவும் இல்லை. பிரித்தானிய இந்தியாவின் அலுவல் ரகசியச் சட்டமும் அதே 1923இல் பிறந்தது என்பது தற்செயல்தான், ஆனால் அர்த்தமுள்ள தற்செயல். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1938இல், அபின் சட்டம் 1924 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. 1948 அக்டோபரில் நடந்த குற்றம் ஒன்றுக்காக அச்சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் ஒருவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஹர்லா வழக்கு என்று சட்ட மாணவர்கள் அறிந்த அவ்வழக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதி விவியன் போஸ், ஓர் அறைக்குள் சிலர் எடுத்த முடிவு, வெளியே யாருக்கும் தெரியாமலிருக்கும்போதே, எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமாகிவிடும் என்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாதது என்று முடிவு செய்து தண்டனையை நீக்கினார். இயற்கை நீதி என்பது எந்த ஏட்டிலும் எழுதியிராவிட்டாலும் நியாயமான நடைமுறைக்கு இன்றியமையாதவை என்று நீதிமன்றங்கள் ஏற்கும் நெறிகளைக் குறிக்கும்.

ஐம்பது ரூபாய் வழக்கில் தீர்க்கப்பட்டது மிகப் பெரிய கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், சட்டத்துக்கு இலக்கணம் வகுக்கும்போதே, அறிவின் ஒழுங்கு, பொது நன்மை, சமூகத்தைக் காக்கும் பொறுப்பு உடையவரால் இயற்றப்படுதல் ஆகியவற்றோடு, அறிவிக்கப்படுதலையும் ஓர் உறுப்பாக வைத்தார். அறிவிக்கப்படாதது குறையுள்ள சட்டம் என்று அவர் சொல்லவில்லை, அது சட்டமே ஆகாது என்பது அவர் இலக்கணத்தின் விளைவு. இதிலிருந்து சமய ரகசியத்துக்கும் அரசின் ரகசியத்துக்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. தீட்சை பெறாதவரை மந்திரம் கட்டுப்படுத்துவதில்லை. அவர் அதை அறியாமலிருப்பதால் இழப்பது ஒரு நன்மையை மட்டுமே. அரசின் விதியோ அறிந்தவரையும் அறியாதவரையும் ஒன்றாகவே கட்டுகிறது; ஆகவே அதற்குக் கட்டுப்படுதல் என்ற ஒன்றே அதை அறிவதற்குப் போதுமான தகுதியாகிவிடுகிறது. இந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால், கேட்கவே கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் மேலும் கடமைகளையும் தண்டனைகளையும் சுமத்திய தருமசாத்திர நூல்கள் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அவை சமயத்தின் பெயரில் இயங்கிய, அறிவிக்கப்படாத அரசாணைகள்.

அறிவிப்பு மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், நிலையான அமைதி குறித்து 1795இல் எழுதிய நூலின் பின்னிணைப்பில், பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியே சொன்னால் அந்தச் செயலே நடவாது என்ற நிலை இருந்தால் அச்செயல் அநீதியானது என்று ஒரு சோதனையை முன்வைத்தார். இதன் எல்லையை அவரே அறிந்திருந்தார்: ஒளிக்க வேண்டியது அநீதி என்று இச்சோதனை காட்டும், ஒளிக்காதது எல்லாம் நீதி என்று காட்டாது, போதிய வலிமை உள்ளவர் தம் கொடுமையைக் கூச்சமின்றி முரசறைந்தே செய்யலாம். இந்த எல்லைக்குத் தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமான சான்று உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய அக்கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் ஓலையிடத் தகுதியற்றவர் என்ற விதி இன்றைய நிருவாக விதித்தொகுப்புகளில் காண்பதற்கு அரிய கடுமை கொண்டது. மேடைதோறும் புகழப்படும் இதே கல்வெட்டுதான் வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவருக்கே வாய்ப்பு என்று வரையறுக்கிறது; அது ஒரு பிரம்மதேயத்தின், அதாவது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரின், சபை. விதி கல்லில் இருந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொல்வோர், அந்தக் கல்லுக்கு அருகில் செல்ல யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்றும் கேட்க வேண்டும். வெளிப்படையாக எழுதப்பட்ட விலக்கு, விலக்காகவே இருக்கிறது.

இந்தப் பின்னணியில் மாநிலச் சட்டங்களுக்கு வரலாம். தமிழ்நாடு 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றி இந்திய மாநிலங்களில் முதலாவதாக நின்றது. அதே ஆண்டில் கோவாவும், பின்னர் இராஜஸ்தான், கருநாடகம், டெல்லி, மகாராட்டிரம் ஆகியவையும் தொடர்ந்தன. முதல் என்ற பெருமையை மறுப்பதற்கில்லை, ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் தகவலை மறுப்பதற்கான விதிவிலக்குகள் இருபதுக்கும் மேல் இருந்தன. நாடாளுமன்றம் 2002இல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டத்தின் கதை இன்னும் விந்தையானது: குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகும், நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்காததால், வெளிப்படைத் தன்மைக்காக எழுதப்பட்ட அச்சட்டம் ஒருநாள்கூட உயிரோடு இருக்கவில்லை. ஜெய்ப்பூரில் அறிவிக்கப்படாத சட்டம் ஒருவரைத் தண்டித்தது. டெல்லியில் அறிவிக்கப்படாத நாள் ஒரு சட்டத்தையே முடக்கியது.

அறிவதற்கு உரியவர் யார் என்ற கேள்வியின் வேர் இந்தச் சட்டமன்றங்களுக்கு வெளியே இருந்தது. இராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய உழவர் தொழிலாளர் சக்தி அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை என்னும் கூட்டத்தை நடத்தியது. கூட்டத்தில் நடந்தது எளிமையானது. பொதுப்பணிகளின் மஸ்டர் ரோல், அதாவது யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்ற பட்டியல், ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டது. தன் பெயருக்கு எதிரே எழுதியிருந்த தொகையைத் தான் வாங்கவில்லை என்று சொல்ல, அந்தப் பட்டியலில் இருந்தவரைவிட அதிகத் தகுதி வேறு யாருக்கு இருக்க முடியும்? படிக்கத் தெரியாதவரும் அங்கே அந்த ஆவணத்தின் தலைசிறந்த உரையாசிரியர் ஆனார். 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் நடந்த மறியலும், 2000இல் வந்த இராஜஸ்தான் சட்டமும் அதன் தொடர்ச்சி. உச்ச நீதிமன்றம் 1975இல் ராஜ் நாராயண் வழக்கில், மக்களுடைய ஊழியர்கள் பொதுவெளியில் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நெறியளவில் சொன்னதை, கூலிப் பட்டியல் நடைமுறையில் காட்டியது.

2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் முப்பது நாள் கெடு, தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் தண்டம், அது 25,000 ரூபாய்க்கு மேற்படாது என்பன போன்ற ஏற்பாடுகளையே பலரும் பேசுவர். மெய்யியல் நோக்கில் அதன் மிக ஆழமான வாக்கியம் 6ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில் இருக்கிறது: தகவல் கேட்பவர் அதற்கான காரணத்தையோ, தொடர்பு கொள்ளத் தேவையானவை தவிர வேறு சொந்த விவரங்களையோ தெரிவிக்குமாறு கோரப்படலாகாது. வேதாந்த உரையாசிரியரின் நான்கு செய்திகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் நேர்ந்த புரட்சி விளங்கும். பொருள் எது என்று மட்டும் கேட்கலாம். பயன் என்ன என்று கேட்கக் கூடாது. கேட்பவர் தகுந்தவரா என்று ஆராயவும் கூடாது. திருக்கோட்டியூர்க் கதையில் விருப்பமாவது தகுதியாக எஞ்சியிருந்தது. இச்சட்டம் விருப்பத்தின் காரணத்தைக்கூட விசாரிக்க மறுக்கிறது. அண்டை வீட்டார் மேலுள்ள கோபத்தால் கேட்பவரும் கேட்கலாம். இதனால் தொல்லை மனுக்கள் பெருகுகின்றன என்ற அலுவலகங்களின் புலம்பல் முழுப் பொய்யன்று. ஆயினும் நோக்கத்தை ஆராயும் உரிமையை அலுவலகத்திடம் திருப்பிக் கொடுத்தால், முதலில் கெட்ட நோக்கமாகத் தெரியப்போவது அந்த அலுவலகத்தின் தவறைத் தேடுபவருடைய நோக்கம்தான்.

ரகசியத்துக்கு நியாயமே கிடையாது என்று இதனால் ஆகிவிடாது. தமிழ்நாடு 1998இல் இயற்றிய ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத் தன்மை குறித்த சட்டம் இதற்கு நல்ல விளக்கம். ஒப்பந்தப்புள்ளி என்பது ஒரு பணியை இன்ன விலைக்குச் செய்து தருவதாக எழுதி மூடிய உறையில் இடும் விண்ணப்பம். குறித்த நேரம் வரை அந்த உறையைப் பிரிப்பது தவறு, குறித்த நேரம் வந்தபின் விண்ணப்பித்தோர் முன்னிலையில் பிரிக்காமல் விடுவது தவறு. அரக்கு முத்திரை இட்ட அதே தாள் காலையில் ரகசியமாகவும் மாலையில் பொதுவாகவும் இருக்கிறது. இரண்டு நிலையிலும் அது காப்பது ஒரே நியாயத்தை. ரகசியத்துக்கு முடிவு நேரம் குறிக்கப்பட்டிருப்பதே அதை நேர்மையாக்குகிறது. கோப்புகளின் குறிப்புப் பகுதி இதைவிடச் சிக்கலானது. ஒரு கோப்பில் கடிதங்கள் ஒருபுறமும், எழுத்தர் தொடங்கி மேலே செல்லச் செல்ல ஒவ்வொருவரும் எழுதும் கருத்துகள் மறுபுறமும் இருக்கும். முடிவு ஆணையில் இருக்கிறது, காரணம் இந்தக் குறிப்புகளில் இருக்கிறது. குறிப்புகள் வெளிவரும் என்றால் அலுவலர்கள் மனம்விட்டு எழுதமாட்டார்கள் என்ற வாதம் 2006இல் வலுவாக எழுந்து, அவற்றை விலக்கும் திருத்தம் ஒன்றும் முயலப்பட்டு, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அச்சத்தால் எழுதாமல் விடப்படும் நேர்மையான கருத்துகளைவிட, மறைவு இருந்ததால் எழுதப்பட்ட நேர்மையற்ற கருத்துகள் மக்களுக்கு இழைத்த தீங்கே பெரிது என்று கொள்வதற்கு மஸ்டர் ரோல் வரலாறு போதும்.

கைவிடப்பட்ட தகுதி ஆராய்ச்சி பின்வாசல் வழியாகத் திரும்பி வருவதும் உண்டு. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும், தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தமிழ்நாடு அரசு 2008இல் ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறையை இச்சட்டத்தின் வரம்பிலிருந்து எடுத்தது. ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவே சொல்லும்போது, ஊழலை விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட துறைக்கு என்ன மிஞ்சுகிறது என்பது விளங்கவில்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொதுப்பணியோடு தொடர்பில்லாத சொந்தத் தகவலுக்கு மட்டும் காப்பளித்த, தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் உட்கூறு ஒன்றை மாற்றி, சொந்தத் தகவல் எதுவானாலும் மறுக்கலாம் என்று விரித்தது. கூலிப் பட்டியலில் இருப்பவையும் பெயர்கள்தாம்; அவையும் சொந்தத் தகவல் என்று மறுக்கப்பட்டால் கோட்கிரானாவில் வாசிக்க ஒன்றும் இருந்திருக்காது.

பழைய எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது சான்று. தகவல் கேட்பவர் தம் நோக்கத்தையாவது சொல்ல வேண்டும் என்று ஓர் அமர்வு தீர்ப்பில் எழுதியது. 6(2) பிரிவு தன் கவனத்துக்கு வராமல் போயிற்று என்று கண்டு, சில நாட்களுக்குள் அதே அமர்வு தானாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கியது. சட்டத்தைக் கற்றுத் தேர்ந்தவர்களுக்கும் கேள்வி கேட்பவரிடம் 'எதற்காக?' என்று திருப்பிக் கேட்பது இயல்பாகவே வந்திருக்கிறது. தவறு சுட்டப்பட்டதும் அதைத் திருத்திக்கொண்டதும் பெருமைக்குரியதே. தகவல் தரும் கடமை உடையவரைத் தமிழ்நாட்டு அரசின் தமிழ் 'பொதுத் தகவல் அலுவலர்' என்று குறிக்கிறது; அலுவலர் என்றால் அலுவல் செய்பவர், அவ்வளவுதான். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிய மனுவோடு வருபவர் மட்டும் அவரை இன்னும் அதிகாரி என்றே அழைக்கிறார்.